பொல்பிட்டியவில் சுதி சேர்த்த பெட்டி

ஜூன் 9, ஞாயிறு

மழை விடவில்லை. கொடியில் போட்ட துணியும் காயவில்லை, மாமியின் முகமும் தெளியவில்லை.

மாமியின் மகன் மிலான் கொழும்புக்குப் போய் ஒரு கிழமை ஆகிறது. இன்றைக்குச் சர்ச் பூசையில் லீட் கிட்டார் இல்லை. நான் ஒருத்தியே கிட்டாரில் கோட்ஸ் போட்டுச் சமாளித்தேன். அவர் தனியாக வாசிக்கிற இடம் வந்ததும் பாட்டுக்குழு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. என்னைப் பார்த்து என்ன பிரயோசனம்? வெளியே வந்தால் ஆளாளுக்கு விசாரணை. "என்னா ஜொய்சி, புருசன் பறந்துட்டானாமே?" பறக்கவில்லை, ரயிலில்தான் போனார் என்றேன்.

அவருக்கு அங்கே ஹோட்டல் பேண்டில் இடம். டிசம்பர் நத்தார் வரைக்கும்தான் பேச்சு. நத்தாருக்கு வந்தால் திரும்பப் போவதில்லை. நான் கிட்டார் பெடல் செய்ய, அவர் வாசித்துப் பார்த்துக் குறை சொல்ல, அதையே இரண்டு பேரும் தொழிலாக நடத்துவோம். தலவாக்கலை ஸ்டேஷனில் நின்று அவர்தான் இதைச் சொன்னார், நான் கேட்கவில்லை. நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

நான் செய்த பெடலைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனார். கிட்டாருக்கும் அம்ப் ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் கிடக்கிற உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி. காலால் ஒரு மிதி. அவ்வளவுதான், கிட்டார் சத்தம் தடித்து, கரகரத்து, தொண்டை கட்டிய ஆள் அழுகிற மாதிரி வரும். அந்தக் கரகரப்புக்காக அதற்கு மிலான் வைத்த பெயர் 'மாமியார்'. மாமிக்குத் தெரியாது. தெரிந்தால் இரண்டு பேருக்கும் இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

இன்றைக்கு அவருக்கு முதல் மேடை. போன் ரிப்பேர் கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு போனின் திரையைக் கழற்றி இன்னொன்றில் பூட்டப் பார்த்தேன். கடைக்காரர் கஜேந்திரன் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தங்கச்சி, நீ வீட்டுக்குப் போறது எனக்கும் நல்லது, போனுக்கும் நல்லது" என்றார்.

ஜூன் 14, வெள்ளி

பெட்டி காலை வாரிவிட்டது.

காலையில் போனில் கோல் எடுத்தார். "பாட்டு நடுவுல விக்கிருச்சு புள்ள. நோட்ட இழுக்குறேன், பாதியில செத்துப்போகுது. பொட்டு பொட்டுன்னு இருமுது."

பேண்ட் தலைவன் சிங்களத்தில் கேட்டானாம், மலையிலிருந்து வந்த பெட்டிக்குள்ளே என்ன, தேயிலைத் தூளா என்று. மேடையில் எல்லோரும் சிரித்தார்களாம். இவரும் சிரித்தாராம். அதைச் சொல்லும்போதும் சிரித்தார்.

பேட்டரி மாற்றிப் பார்த்தீங்களா? பார்த்தேன். வயரைப் பிடுங்கிப் போட்டீங்களா? போட்டேன். கீழே விழுந்ததா? "மடியில வெச்சுக் கொண்டாந்தேன் புள்ள, பிள்ளைய மாதிரி."

இங்கே எத்தனை நாள் ஓடவிட்டுப் பார்த்த பெட்டி! ஒரு தடவை விக்கியிருக்குமா? பழைய டிரான்சிஸ்டர், எங்கேயோ பலவீனம். வேறொன்று செய்கிறேன் என்றேன். "செய்யி, ஆனா ஓடாததுன்னா அனுப்பாத. எனக்கு எடம் போயிரும்" என்றார்.

ஜூன் 22, சனி

தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீட்டு நல்லமுத்து அண்ணனிடம் பழைய ரேடியோ இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அவருடைய போனில் சத்தம் வரவில்லை. அதைச் சரிபண்ணிக் கொடுத்தேன், ரேடியோவைத் தூக்கிக் கொடுத்தார். "பேசாத ரேடியோவ வெச்சு என்னா செய்யப் போற?" அழ வைக்கப் போகிறேன் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதற்குள்ளேதான் எனக்கு வேண்டிய சாமான். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், சின்னத் தகரத் தொப்பி போட்ட மாதிரி மூன்று கால்களோடு. இப்போது கடைகளில் இருக்கிறது வேறு ஜாதி. அதில் சத்தம் வரும், அழுகை வராது. ரேடியோவில் இருந்ததை எல்லாம் சொல்டரிங் அயனால் சுட்டு எடுத்தேன். பாதி செத்தது. மீதியில் ஜோடி சேர்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறதை விடக் கஷ்டம். எங்கள் கல்யாணத்துக்குப் பொருத்தமே பார்க்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

புதுப் பெட்டி முடிந்தது.

உள்ளே நெல்மணி மாதிரி ஒரு திருகு இருக்கிறது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அதைத் திருப்பித் திருப்பி, காது 'போதும்' என்று சொல்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். அதுதான் பெட்டிக்குச் சுதி சேர்ப்பது. சாயந்தரம் செய்ய முடியாது. லயம் முழுக்க ரைஸ் குக்கர், ஹீட்டர் என்று போட்டதும் பல்பு மங்கி அம்ப் இரைய ஆரம்பிக்கும். பகலில் ஃபெக்டரி ஓடுகிற சத்தம். அதனால் எப்போதும் விடியக்காலையில்தான். மாமி அடுப்பு மூட்டுகிறதுக்கு முதல், பனி கதவுக்கு வெளியே நிற்கிற நேரம், கரண்டும் சுத்தமாக இருக்கும், காதும் சுத்தமாக இருக்கும். விரல் விறைத்துப்போகும், பரவாயில்லை.

இந்தத் தடவை கஞ்சத்தனம் இல்லாமல் பார்த்தேன். ஒவ்வொரு விடியலும் எழுந்து, ஒரு மயிரிழை கூட்டி, குறைத்து. கடைசியில் வந்தது பார், சத்தம்! மாமி போர்வைக்குள்ளிருந்து, "யாரு புள்ள செத்தா?" என்றார். அதை விடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம்.

ஜூலை 10, புதன்

அனுப்பிய புதுப் பெட்டி அவர் கைக்குக் கிடைத்தது. முதல் பெட்டியை விட மோசமாம்.

ஜூலை 11, வியாழன்

என்னால் தாங்க முடியவில்லை. வொய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். என்ன சொன்னேன் என்று எழுதவே கூசுகிறது, ஆனாலும் சொன்னது சொன்னதுதானே. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க நல்லா இருந்த பெட்டி அங்க மட்டும் கெட்டுப்போகுமா? பெட்டி மாறல, உங்க காதுதான் மாறிப்போச்சு. அங்க இருக்கிறவனுங்க சிரிச்சதும் உங்களுக்கு வெக்கமா போச்சு, அதச் சொல்லுங்க."

கேட்டுவிட்டார். நீல டிக் விழுந்தது.

நான் பிழையா? நான் என்ன பிழை? என் காதால் கேட்டேனே! கையெல்லாம் சூட்டுக் கொப்புளம், விடியக்காலையில எழும்பி எழும்பி — யாருக்காக செஞ்சேன்? எனக்கா மேடை?

ஜூலை 21, ஞாயிறு

அவர் பதில் போடவில்லை, ஆனால் பேண்டின் இன்டர்நெட் பக்கத்தில் வீடியோ போட்டிருக்கிறார்கள். நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் திறந்த மேடை, தலைக்கு மேலே வரிசையாக விளக்கு. மிலான் வெள்ளைச் சட்டை போட்டு நடுவில். அழகாகத்தான் இருக்கிறான். வாசித்ததும் நன்றாகத்தான் இருந்தது.

காலடியைப் பார்த்தேன். கறுப்பாக, பளபளவென்று, எண்கள் எரிகிற, கடையில் வாங்கிய ஒரு பெட்டி. என்னுடையது இல்லை.

என் பெட்டி எங்கே என்று கேட்டேன். உடனே பதில் வந்தது: "பேக்ல பத்திரமா இருக்கு."

பத்திரமாக இருக்கட்டும். செத்தவர்களும் அப்படித்தான் பத்திரமாக இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எதையும் செய்யவில்லை. மழை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாமி கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து வந்து, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்: "அவன் பேசுறானா?" பேசுகிறார் என்றேன். "என்னா பேசுறான்?" சாப்பிட்டீங்களா, மழையா என்று. "அது பஸ்ஸுல பக்கத்துச் சீட்டுக்காரன் கேக்குறது" என்றார் மாமி.

எனக்குக் கோபம் வந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சும்மா இருக்க முடியாமல் மூன்றாவது பெட்டி ஒன்று செய்து வைத்திருந்தேன். மூடிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, இந்த ஈரத்தில் காயாது என்று அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பூசைக்குப் போனேன். வந்து பார்த்தால் பெட்டி நெருப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. "சீக்கிரம் காயட்டும்னுதான் கிட்ட வெச்சேன்" என்றார் மாமி.

எடுத்தால் கை சுட்டது. பயந்துபோய் கிட்டாரைச் சொருகி ஒரு நோட்டை இழுத்தேன். பொட்டு. பொட்டு. விக்கி விக்கி நின்றுவிட்டது.

வந்த ஆத்திரத்துக்கு மாமியை என்ன திட்டுத் திட்டினேன்! உங்க மகனும் கெடுப்பாரு, நீங்களும் கெடுப்பீங்க, இந்த வீட்டுல என் கையால செஞ்ச ஒண்ணு உருப்படாதா என்று. மாமியும் விடவில்லை, "உள்ள என்னா முட்டையா வெச்சிருக்க, வேகுறதுக்கு?" என்று அவரும் ஒரு பாட்டம். கடைசியில் அழுகையோடு கிட்டாரைத் தூக்கி வைக்கப்போனபோது கை தந்தியில் பட்டது. பெட்டி அழுதது. சுத்தமாக, நீளமாக, ஒரு விக்கல் இல்லாமல். நாங்கள் சண்டை பிடித்து முடிப்பதற்குள் ஆறிவிட்டிருந்தது.

திரும்ப அடுப்போரம் வைத்தேன், விக்கியது. வாசற்படியில் வைத்தேன், அழுதது. மாமி, "என்னடி இது, ஆஸ்பத்திரிப் பிள்ள மாதிரி இங்கயும் அங்கயும் தூக்கிக்கிட்டு" என்றார்.

சூடு. வெறும் சூடு! ஜெர்மேனியம் சூட்டுக்கு ஆகாது என்று நானே படித்திருக்கிறேன். எவனோ ஒரு வெள்ளைக்காரன் இன்டர்நெட்டில் எழுதியிருந்தான். அந்த இடம் வந்ததும், நமக்கு ஏது சூடு என்று தாண்டிப் போய்விட்டேன். ஆகஸ்ட் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுத் தூங்குகிறவளுக்குச் சூடு எங்கே ஞாபகம் வரும்? பனியில் விறைத்துக்கொண்டு அதன் சுதியைப் பிடித்து, கொழும்பு வெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டாவதை இன்னும் கவனமாக, இன்னும் குளிரில். அதனால்தான் இன்னும் மோசம்.

அவர் பொய் சொல்லவில்லை. காதும் மாறவில்லை. நான்தான் வாயைக் கொடுத்துக் கெடுத்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

கோல் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் வொய்ஸ் மெசேஜில் சொன்னேன். சூடு, அடுப்பு, மாமியோடு சண்டை, மன்னிச்சுக்குங்க என்பதை இரண்டு தரம். சிரிப்பார் என்று நினைத்தேன். அடுப்புக் கதைக்காவது சிரிக்கலாம்.

சாயந்தரம் ஒரு கட்டை விரல் படம் வந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

பழைய இரண்டு பெட்டிகளையும் வருகிற ஆட்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்பச் சொன்னேன். "மேலயும் கீழயும் எதுக்குப் புள்ள அலைக்கழிக்கிற? இப்ப உள்ளத வெச்சு ஓடுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தக் கடைப் பெட்டியோடு அவர் பழகிவிட்டால்? என் பெட்டி இல்லாமல் அவருக்குச் சரிப்பட்டுவிட்டால், வந்து செய்யப்போகிற தொழில் எது, வருவது எதற்கு? இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. பச்சைப் பெட்டியைச் சரியாகச் செய்து அவர் கையில் கொடுத்தே ஆக வேண்டும். சூடான இடம் வேண்டும். தலவாக்கலையில் சூட்டுக்கு எங்கே போவேன்? அடுப்போரம் பிடித்தால் ஒரு பக்கம் வேகிறது, ஒரு பக்கம் ஆறுகிறது. சூடு அசையாமல் நிற்க வேண்டும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பௌர்ணமி, போயா லீவு. மலைக்குக் கீழே பொல்பிட்டியவுக்குப் போய் வந்தேன்.

என்னோடு படித்த கிருஷாந்தி அங்கேதான் இருக்கிறாள், பவர் ஸ்டேஷன் பக்கம். புருசனுக்கு அங்கே கொந்தராத்தில் தற்காலிக வேலை. ஒரு தோளில் கிட்டார், ஒரு கையில் சின்ன அம்ப், பெட்டி மடியில். ஹட்டனில் பஸ் மாறும்போது குளிர். கினிகத்தேனையில் இறங்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றினேன். அங்கேயிருந்து கீழே இறங்க இறங்கக் காது அடைத்தது, முதுகில் வியர்த்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வியர்வைக்குச் சந்தோசப்பட்ட பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

கிருஷாந்தி வாசலிலேயே, "என்னாடி, கச்சேரிக்கி வந்தியா, குடி வந்தியா?" என்றாள். வெயில் உச்சிக்கு வந்ததும் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன், ஃபேனை நிறுத்தச் சொன்னேன். தகரக் கூரை, கேட்கவா வேணும். "என்னயக் கொல்லவாடி வந்த?" என்று விசிறிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, நான் அந்த நெல்மணித் திருகைத் திருப்பினேன். விக்கல் குறைந்தது. இன்னும் கொஞ்சம். நின்றது. இழுத்துவிட்ட நோட்டு அறையைச் சுற்றி வந்து அடங்க மனமில்லாமல் அடங்கியது.

கிருஷாந்தி விசிறுவதை நிறுத்திவிட்டாள். "ஏண்டி, அழுகை மாதிரியே இருக்கே!"

அதுதாண்டி பெட்டி என்றேன்.

சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "இவ்ளோ பாடுபடுறியே, நீயே கொழும்புக்குப் போயிரேன். போன் கடை அங்க இல்லையா?"

பேண்ட் பொடியன்களோடு ஒரு அறையில் இருக்கிறார், நான் எங்கே போக என்றேன். மாமியைத் தனியாக விட முடியாது என்றேன். அவளுக்கு அது போதவில்லை. "அவரு கூப்புட்டாரா?"

பருப்பை எடுத்து ஊற்றிக்கொண்டேன்.

"கூப்புடலயா?"

கூப்பிடவில்லை. ஒரு பேச்சுக்குக்கூட, 'வா, வந்து ஒரு நாள் பாத்துட்டுப் போ' என்று சொல்லவில்லை. கிருஷாந்தி இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.

திரும்ப ஏறி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டேன். ஹட்டனில் குளிர் முகத்தில் அடித்துத்தான் விழித்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

பச்சைப் பெட்டி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. வாசித்துப் பார்க்க நேரமில்லையாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

வாசித்துவிட்டார்!

வீடியோ அனுப்பியிருக்கிறார். அதே மேடை, அதே விளக்கு, காலடியில் பச்சைப் பெட்டி. மிதிக்கிறார். முதல் நோட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரி முள்கரண்டியோடு திரும்பிப் பார்க்கிறாள். மிலான் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். எங்கள் காம்பராவில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாசிக்கும்போது மூடுவாரே, அப்படி. நான் பார்த்துப் பார்த்து போன் சார்ஜ் இறங்கிவிட்டது.

மாமிக்கும் காட்டினேன். ஆசையாகப் பார்த்தார். பிறகு, "மெலிஞ்சு போயிட்டான்" என்றார். எனக்கு அது தெரியவே இல்லை. நான் பெட்டியைத்தான் பார்த்திருக்கிறேன்.

கோல் எடுத்தபோது அவர் குரலே வேறு. "தலைவன் ஒன்னும் பேசல புள்ள. அவனுக்கும் ஒன்னு வேணுமாம்." தேயிலைத் தூள் போட்டுத் தரவா என்று கேட்டேன். சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு!

நத்தாருக்கு என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டார். நீங்க வாங்க, போதும் என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

ஹோட்டலில் இன்னும் ஒரு வருசம் ஒப்பந்தம் போடுகிறார்களாம்.

"உன் பெட்டி சத்தத்துலதான் புள்ள மேனேஜர் விழுந்துட்டாரு. இந்த லீட்ட விட்டுறாதீங்கன்னு தலைவன்கிட்ட சொன்னாராம். எல்லாம் உன்னாலதான்!"

நல்லது என்றேன். ரொம்ப நல்லது என்றேன். இங்கே செய்யப்போகிறதாகச் சொன்ன தொழில்? "அது எங்க போகுது, பாத்துக்கலாம்" என்றார். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டார்.

நவம்பர் 11, திங்கள்

என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன். அந்தப் பெட்டி விக்கிக்கிட்டே இருந்திருந்தா அவனுக்கு இடம் போயிருக்கும், அவன் வந்திருப்பான். நான் பஸ் ஏறி, மலை இறங்கி, வேர்த்து வடிஞ்சு, அவன் அங்கயே நல்லா இருக்கிறதுக்கு வழி பண்ணிக் குடுத்திட்டு வந்திருக்கேன். சீ, என்ன நினைப்பு இது. புருசன் கெட்டு வரணும்னா நினைக்கிறது? ஆனா நினைச்சேன். கடவுளுக்கும் தெரியும்.

நவம்பர் 24, ஞாயிறு

மாமியிடம் இன்றைக்குத்தான் சொன்னேன். ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "இந்த லயத்துப் பொடியனுங்க எத்தன பேரு கொழும்புக் கடைகளுக்குப் போனானுங்க. மொதல்ல மாசம் ஒருக்கா வருவானுங்க. அப்புறம் தீவாளிக்கி. அப்புறம் சாவு வீட்டுக்கு." பிசைந்து முடித்து உருண்டை பிடித்த பிறகு, "எம் மகன் அப்படி இல்ல" என்றார்.

டிசம்பர் 23, திங்கள்

வந்துவிட்டார். ஸ்டேஷனில் இறங்கியதும் முதல் வார்த்தை: "ஐயோ, என்னா குளிரு!" இந்த மலையில் பிறந்த ஆள். கொழும்பில் வாங்கிய மெல்லிய சட்டைக்குள் கூனிக்கொண்டு நின்றார். என்னுடைய கம்பளி ஷோலைக் கொடுத்தேன்.

மாமிக்குப் புதுப் போர்வை, எனக்குச் சேலை, புதிய சொல்டரிங் அயன். நல்ல அயன், சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம். முகத்தைப் பார்த்ததும் மனது இளகிவிட்டது, என்ன செய்ய. மெலிந்துதான் இருக்கிறார்.

டிசம்பர் 24, செவ்வாய்

காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பச்சைப் பெட்டியைச் சொருகினார். ராத்திரிப் பூசைக்கு அதை வைத்து வாசிக்கலாம் என்று நான்தான் ஆசைப்பட்டேன். மிதித்தார். சத்தம் மூடிக்கொண்டு வந்தது, போர்வைக்குள்ளே இருந்து பேசுகிற மாதிரி. பொல்பிட்டிய வெயிலில் பிடித்த சுதி, இந்தக் குளிரில் எப்படி நிற்கும்?

"இதுக்கும் குளிருது போல" என்று சிரித்தார்.

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கொடுங்க, ஒரு நிமிஷம், இங்கத்த குளிருக்குத் திருப்பித் தாறேன் என்றேன்.

சட்டென்று காலை எடுத்துப் பெட்டிக்கு மேல் வைத்துக்கொண்டார். "வேணாம் புள்ள, தொடாத. இருபத்தேழாந்தேதி போறேன், அங்க போய் யாரு திரும்ப மாத்துறது?"

சரி, அதற்கும் வழி இருக்கிறது என்றேன். மூடியில் ஒரு ஓட்டை போட்டு, உள்ளே இருக்கிற திருகுக்குப் பதில் வெளியே ஒரு குமிழ் வைத்துவிடலாம். ரேடியோவில் சத்தம் கூட்டுகிற மாதிரி. அங்கே இருக்கும்போது அங்கத்துக்கு, இங்கே வந்தால் இங்கத்துக்கு, நீங்களே திருப்பிக்கலாம். சாமான் இருக்கிறது, சாயந்தரத்துக்குள் முடித்துவிடுவேன். இது எனக்குப் போன கிழமையே தோன்றி, அவரிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். ஆசையாக, மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் கிட்டாரைப் பார்த்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, அன்பாகத்தான் சொன்னார்: "இங்க எத்தன நாளைக்கிப் புள்ள நான் வாசிக்கப் போறேன்? அதுக்குப் போயி நல்ல பெட்டியில ஓட்டையப் போட்டுக்கிட்டு."

சொன்னது என்னவென்று அவருக்கே தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

ஸ்க்ரூ டிரைவரை டப்பாவில் போட்டேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

டிசம்பர் 25, புதன்

நத்தார். பூசையில் பெட்டி இல்லாமல் வெறும் கிட்டாரிலேயே வாசித்தார். எல்லோருக்கும் சந்தோசம். பாலன் பிறந்த பாட்டுக்கு நான் அழுதேன். பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 27, வெள்ளி

போய்விட்டார். ரயில் ஏறும்போது, நத்தாருக்கு வந்தால் என்று சொன்ன அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

இன்றைக்குப் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. பூசை முடிந்து வாசலில் ஃபாதர் நிறுத்தினார். ஈஸ்டருக்கு இப்போதே பாட்டுப் பழக வேண்டும், மிலான் வருகிறாரா, அவரை வைத்துத் திட்டம் போடலாமா என்று கேட்டார். நல்ல மனுசன், சும்மாதான் கேட்டார். இத்தனை மாதமும் யார் கேட்டாலும் வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று சொல்லிப் பழகிய வாய்.

"வருவாரு ஃபாதர். ஆனா விருந்தாளியாத்தான். லீட்டுக்கு வேற ஆளப் பாருங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் மாமி பக்கத்தில் நிற்பது தெரிந்தது. அவனைப் பெற்றவர். ஏதாவது சொல்லுவார், எம் மகன் அப்படி இல்லை என்று ஃபாதர் முன்னாலேயே என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "படி வழுக்கும், பாத்து எறங்கு" என்றார்.